மெழுகுவர்த்தி பிடித்த பேராசிரியர்

இக்னாட்ஸ் தெல்ட்சர் பேராசிரியர் ஆவதற்கு எந்தத் தடையும் இல்லை என்பதை அந்தப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆஸ்திரியப் பேரரசின் ஒரு மாகாணத் தலைநகரில் இருந்த பல்கலைக்கழகம் அது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பேராசிரியராக இருந்தவர்களுக்கெல்லாம் பேரன்மார் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப்பேர் வழக்கறிஞர்கள்.

தெல்ட்சர் அங்கே சேர்ந்தபோது தாடி கறுப்பாக இருந்தது. பதவி, சம்பளமில்லாத விரிவுரையாளர். பேரரசில் அப்படி ஒரு பதவி உண்டு. வேலை முழுசாக இருக்கும், சம்பளம் மட்டும் இருக்காது. அவர் பாடம் மடாலயங்களின் வரலாறு. எந்த மடாதிபதி எந்தச் சாசனத்தைப் போலியாக எழுதினார், எந்த ஆயர் எந்த உப்பளத்துக்காக யாரோடு மல்லுக்கட்டினார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பேராயரின் செயலாளரே சந்தேகம் கேட்க அவர் வீட்டுக்கு வருவார். வந்தவர் சமையலறை வழியாகத் திரும்பிப் போவார், யூதர் வீட்டு வாசலில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று.

பீடத் தலைவர் ஃபோன் வில்டாவர் நல்ல மனிதர். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

"சட்டத்துல தடையே இல்லை தெல்ட்சர்," என்பார், சுருட்டுப் பெட்டியை நீட்டிக்கொண்டே. "பேரரசர் உங்க ஜனங்களுக்குச் சம உரிமை கொடுத்துட்டார். அதுதான் இப்ப சிக்கல். தடைன்னு ஒண்ணு இருந்தா மனுப் போட்டு நீக்கலாம். இல்லாத தடையை யாரால நீக்க முடியும்?"

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு சின்ன சம்பிரதாயம். ஞானஸ்நானம். தலையில கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான். குளிர்காலம்னா வெதுவெதுப்பாவே வெச்சுக் கொடுப்பாங்க. நான் வற்புறுத்தவே மாட்டேன். மத விஷயத்துல பல்கலைக்கழகம் தலையிடாது. தலையிடாம காத்துக்கிட்டு இருக்கும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும். தெல்ட்சர் சுருட்டை வாங்காமல் வீட்டுக்கு வருவார். மனைவி ரோசலி பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவாள்.

அவருடைய அப்பா யோனாஸ் தெல்ட்சர் போஸ்கோவிட்ஸ் என்ற சிற்றூரில் வாத்து இறகு வியாபாரம் செய்தார். ஊரில் யாராவது, "உங்க பையன் எப்ப பேராசிரியர் நாற்காலியில உட்காரப்போறான்?" என்று கேட்டால், "அவனுக்கு நிக்கிறதுல நல்ல பழக்கம்," என்பார். சொல்லும்போது அவருக்குப் பெருமைதான். மகன் எதை விற்றால் உட்காரலாம், எதற்காக நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியும்.

விஷயம் கெட்டது ஒரு ஜூன் மாதக் காலையில். அன்று கத்தோலிக்கர்களின் நற்கருணைப் பவனி. பேராயர் விதானத்தின் கீழ் நடந்து வர, பின்னால் ஆளுநர், அவருக்குப் பின்னால் படை, அதற்கும் பின்னால் பல்கலைக்கழகம். தெருவெல்லாம் புல்லைப் பரப்பி, இருமருங்கும் மரக்கிளைகளை நட்டிருந்தார்கள். பேராசிரியர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் நடக்க வேண்டும் என்பது விதி. ஒற்றையாக நடக்கிற பேராசிரியர் பல்கலைக்கழகத்துக்கு அவமானம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அது விதி.

அன்று பார்த்துத் தாவரவியல் பேராசிரியருக்குத் தாவரம் ஒத்துக்கொள்ளவில்லை. முதல்நாள் தின்ற நெல்லிப்பழம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கிரேக்கப் பேராசிரியர் ஜோடியில்லாமல் நின்றார். பல்கலைக்கழகக் கட்டியக்காரர் மட்டூஷுக்கு வியர்த்துக் கொட்டியது. வெள்ளிப் பூண் போட்ட கோலோடு முன்னால் நடக்க வேண்டியவர் பின்னால் ஓடிவந்து ஆள் தேடினார். அந்த நேரம் பார்த்து ஆவணக் காப்பகத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, கறுப்புக் கோட்டும் மைபடிந்த விரல்களுமாக வெளியே வந்தார் தெல்ட்சர்.

"ஐயா, இதைக் கொஞ்சம் பிடிங்க!" என்று மட்டூஷ் ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் திணித்தார்.

பிடிங்க என்றால் பிடிக்கிற மனிதர்தான் தெல்ட்சர். பிடித்த பிறகுதான் அது எரிந்துகொண்டிருப்பதையும், தான் வரிசைக்குள் நிற்பதையும் கவனித்தார். கீழே வைக்கலாம் என்றால் தெரு முழுக்கக் காய்ந்த புல். வைத்தால் ஊரே பற்றிக்கொள்ளும், யார் கொளுத்தினது என்ற கேள்விக்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். தெருமுனை வரை போய் நழுவிவிடலாம் என்று நினைத்தார். தெருமுனையில் படைவீரர்கள் கயிறு கட்டி நின்றார்கள். அடுத்த முனையிலும் அப்படியே. மணி அடித்ததும் எல்லோரும் மண்டியிட்டார்கள். அவர் மண்டியிடவில்லை. காற்று அடித்ததால் குனிந்து சுடரைக் கையால் பொத்திக்கொண்டார். அணைந்த வர்த்தியோடு நிற்பது இன்னும் அவமரியாதை என்று அந்த அப்பாவி மனிதருக்குத் தோன்றியது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அதைவிட உருக்கமான பக்தி வேறில்லை.

இரண்டு பேர் தூரத்திலிருந்து பார்த்தார்கள். ஒருவர் ஃபோன் வில்டாவர். திரும்பிப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொருவர் போஸ்கோவிட்ஸிலிருந்து சரக்கு எடுக்க வந்திருந்த பொத்தான் வியாபாரி லேப் ஹெர்லிங்கர். அவருக்கும் கண் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. தாடி நரைக்கும்வரை நகராத கோப்புக்குத் திடீரென்று கால் முளைத்தது. பீடம் கூடியது, பரிந்துரைத்தது, அமைச்சகம் அனுப்பியது, பேரரசர் கையெழுத்திட்டார். இலைகள் பழுக்கும் முன்னால் அரசிதழில் வந்துவிட்டது: முனைவர் இக்னாட்ஸ் தெல்ட்சர், திருச்சபை வரலாற்றுக்கான முழுப் பேராசிரியர். வகுப்புக்குப் போகும் வழியில் அதைப் படித்த தெல்ட்சர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டம் கடைசியில் வென்றுவிட்டது என்றே நம்பினார். வரலாறு படித்தவர்களுக்கும் இப்படிச் சில நிமிடங்கள் வாய்ப்பதுண்டு.

நன்றி சொல்லப் போனவரை வில்டாவர் கட்டித் தழுவினார்.

"பேசாதீங்க! ஒரு வார்த்தை பேச வேண்டாம். அமைதியா, ஆர்ப்பாட்டம் இல்லாம முடிச்சுட்டீங்க. எந்தக் கோயில்ல, எந்தப் பாதிரியார்னு நான் கேட்கவே மாட்டேன். அதுதான் நாகரிகம்."

"எதை முடிச்சேன்?"

"பாருங்க, இந்த அடக்கம்தான் கிறிஸ்தவப் பண்பு. போன வருஷம் வரைக்கும் இதையே நாங்க தந்திரம்னு சொல்லியிருப்போம்."

தெல்ட்சருக்குத் தேள் கொட்டிய திருடனின் நிலைமை. நாற்காலி எப்படி வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ரோசலியிடம் சொன்னார்.

"நீங்களா போய் ஏதாவது பொய் சொன்னீங்களா?" என்றாள் ரோசலி.

"இல்லை."

"கேட்டாங்களா?"

"கேட்கமாட்டேன்னு சொல்றார்."

"அப்ப என்ன? கேட்காத கேள்விக்கு எதுக்குப் பதில்? இத்தனை வருஷம் உண்மையாவே இருந்தீங்க, என்ன கிடைச்சுது? அந்தப் பொண்ணு என் பியானோவைப் போட்டுக் குத்தறதைக் கேட்டுக்கிட்டே எனக்கு வயசாயிடுச்சு. பதவி உறுதிமொழி எடுக்கிற அன்னிக்கு ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க, போதும்."

அன்று மாலையே போஸ்கோவிட்ஸிலிருந்து தங்கை பாபெட்டின் தந்தி வந்தது. அப்பா உனக்காகத் துக்கத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று இருந்தது.

மதம் மாறிய பிள்ளையைச் செத்தவனாக எண்ணி ஏழு நாள் துக்கம் காப்பது அந்த ஜனங்களின் வழக்கம். பவனியில் பார்த்ததை லேப் வந்து சொன்னபோது கிழவர் நம்பவில்லை. உன் கண்ணில் புரை என்று சொல்லித் துரத்திவிட்டார். ஆனால் அரசிதழ் வந்தது. ஞானஸ்நானம் பெறாத யூதனுக்கு அந்தப் பல்கலைக்கழகம் நாற்காலி கொடுக்காது என்பது போஸ்கோவிட்ஸில் கைக்குழந்தைக்கும் தெரியும். கிழவர் எழுந்து, கோட்டுக் கழுத்தைக் கிழித்துக்கொண்டு, குட்டை முக்காலியில் உட்கார்ந்தார்.

நான் மாறவில்லை என்று தெல்ட்சர் உடனே பதில் தந்தி அடித்தார். தபால்காரரிடம் கிழவர், "செத்தவங்க அனுப்பற தந்தியை நாங்க வாங்கறதில்லை," என்று சொல்லித் திருப்பிவிட்டாராம். வேறு வழியில்லாமல் தெல்ட்சர் ரயிலேறினார்.

வீட்டில் துக்க வழக்கப்படி கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். வாசலில் பாபெட் அண்ணனைப் பார்த்து அழுதாள், பிறகு பழக்க தோஷத்தில் துக்க வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் அவித்த முட்டையை அவர் கையில் கொடுத்தாள். தன் சாவுக்கு அவித்த முட்டையைப் பிடித்துக்கொண்டு தெல்ட்சர் உள்ளே போனார்.

மாலை ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும், ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். தகரக்காரன் சந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. கதவுச் சத்தம் கேட்டதும், கண் சரியாகத் தெரியாத தையற்காரர் உற்சாகமாக, "ஆ, பத்தாவது ஆள் வந்தாச்சு! ஆரம்பிக்கலாம்!" என்றார்.

ஒருவரும் ஆரம்பிக்கவில்லை. ரப்பி ஃபிஷ்ல் தாடியைத் தடவிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க. இது லேசான விஷயம் இல்லை. இவன் யூதன்னா இவனையும் சேர்த்துப் பத்து. ஆனா இவன் யூதன்னா துக்கம் எதுக்கு? துக்கமே இல்லைன்னா நாம இங்க எதுக்குக் கூடியிருக்கோம்? சரி, யூதன் இல்லைன்னு வெச்சுக்குவோம். துக்கம் சரி. ஆனா ஒன்பது பேர்தான் இருக்கோம்."

"அப்ப?"

"அப்ப ஒண்ணு நிச்சயம். இவன் எதுவா இருந்தாலும் நமக்கு ஒரு ஆள் குறையுது."

தெல்ட்சர் முக்காலியின் முன்னால் போய் நின்றார். "அப்பா, நான் மாறலை. ஒரு சொட்டுத் தண்ணி என் மேல படலை."

கிழவர் தலை நிமிரவில்லை. "பாபெட், கதவை மூடு. காத்து வருது," என்றார்.

லேப் முன்னால் வந்தார். "இக்னாட்ஸ், என் கண்ணுல புரைன்னு உங்க அப்பா சொல்றார். நீயே சொல்லு. அன்னிக்கு மெழுகுவத்தி பிடிச்சியா இல்லையா?"

"பிடிச்சேன்."

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. ஆனா..."

"அணையக்கூடாதுன்னு கையால பொத்தினியா?"

"காத்து அடிச்சுது லேப்."

"காத்துதான் அணைக்கப் பார்த்துதே! சிருஷ்டிகர்த்தாவே உதவிக்கு வந்திருக்கார், இவன் பொத்திப் பிடிக்கிறான்!"

பீடத்தின் முன்னால் ஆராய்ச்சியுரை படித்தபோதுகூடத் தெல்ட்சர் இவ்வளவு பயந்ததில்லை. அங்கே தோற்றால் போவது வேலை. இங்கே போவது அப்பா.

கிழவர் வாய் திறந்தார். மகனைப் பார்த்து அல்ல, தரையில் இருந்த துக்கவீட்டுப் பருப்புக் கிண்ணத்தைப் பார்த்து.

"ஊர் நடுவுல பிடிச்சவன் ஊர் நடுவுலதான் கீழ வைக்கணும். இந்த அறைக்குள்ள வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, எங்கிட்ட மட்டும் வைக்கிறானாம். அங்க ஒருத்தன், இங்க ஒருத்தன். எனக்கு ஒரே மகன்தான் இருந்தான்."

ரப்பி ஃபிஷ்ல் தீர்ப்புச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் உறுதிமொழி எடுக்கும் நாள்வரை துக்கம் நிறுத்திவைக்கப்படுகிறது. கிறிஸ்தவ முறையில் எடுக்கிறாரா, யூத முறையிலா என்று அன்று தெரிந்துவிடும். அதுவரை இக்னாட்ஸ் உயிரோடும் இல்லை, செத்தும் போகவில்லை. இப்படி ஒருவரை வைத்திருப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று தையற்காரர் கேட்டதற்கு, இக்னாட்ஸ் இத்தனை வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் அப்படித்தானே இருந்தார் என்றார் ரப்பி.

தெல்ட்சர் நேராக வில்டாவர் வீட்டுக்குப் போனார். நின்றபடியே சொன்னார்: "நான் ஞானஸ்நானம் வாங்கலை. பவனியில வந்தது மட்டூஷ் செஞ்ச தப்பு. நான் யூதன்தான்."

வில்டாவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்தபோது முகத்தில் புன்னகை இருந்தது.

"தெல்ட்சர், தர்க்கம் படிச்சிருப்பீங்க. பேரரசர் திருச்சபை வரலாற்று நாற்காலிக்கு ஒரு யூதரை நியமிக்கமாட்டார். உங்களை நியமிச்சிருக்கார். ஆகவே நீங்க யூதர் இல்லை. இதுல எந்தப் படியில உங்களுக்குச் சந்தேகம்?"

"ஆனா நடந்தது..."

"நடந்தது யாருக்கு வேணும்? இன்னும் நூறு வருஷம் கழிச்சு வர்றவன் அரசிதழைத்தான் பார்ப்பான். உங்களை மாதிரி ஒருத்தன், கண்ணாடியை மாட்டிக்கிட்டு. அவன் எதை நம்புவான்? உங்களையா, முத்திரையையா?"

போலிச் சாசனம் எழுதிய மடாதிபதிகளைத் தேடித் தேடிப் பிடித்தவர் தெல்ட்சர். இப்போது தன்னையே ஒரு போலிச் சாசனமாக எழுதி, முத்திரையும் குத்தி முடித்திருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன், நண்பனா," என்றார் வில்டாவர். "உறுதிமொழி மேடையில இந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா, பேரரசர் தப்பாக் கையெழுத்துப் போட்டார்னு ஊரறியச் சொன்னதா ஆகும். அதுக்குத் தண்டனைச் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. சிறை. நான் மிரட்டலை. மிரட்டறது பல்கலைக்கழகத்துக்கு அழகில்லை. போலீஸ் அதிகாரியை முதல் வரிசையில உட்கார வெச்சிருக்கேன், அது சம்பிரதாயம்."

உறுதிமொழி நாளன்று காலையில் ரோசலி அவர் கழுத்துப்பட்டையைச் சரி செய்தாள். போஸ்கோவிட்ஸில் நடந்ததையும் வில்டாவர் சொன்னதையும் அவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அவள் இரண்டு நாள் பேசவேயில்லை. இப்போது பேசினாள்.

"எதைச் சொல்றதா இருந்தாலும் சத்தமாச் சொல்லுங்க. வகுப்புல மாதிரி முணுமுணுக்காதீங்க. நான் மாடத்துல உட்கார்ந்திருப்பேன், எனக்குக் கேட்கணும்."

பெரிய மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் சிலுவை, அதன் இருபுறமும் எரியும் மெழுகுவர்த்திகள். பட்டு மெத்தைமேல் பேராசிரியருக்கான கறுப்புத் தொப்பி. உறுதிமொழி முடிந்ததும் பீடத் தலைவர் தன் கையால் அதைத் தலையில் வைப்பார். அதுவரை மண்டபத்தில் எந்த ஆண்மகன் தலையிலும் தொப்பி இருக்கக் கூடாது. வாசலிலேயே மட்டூஷின் ஆட்கள் எல்லோர் தொப்பியையும் வாங்கி அறையில் பூட்டிவிட்டார்கள். ஒரு கிழவரிடம் மட்டும் தகராறு ஆயிற்று. பெரிய தொப்பியைப் பிடுங்கினார்கள், அதன் அடியில் இன்னொரு சின்னத் தொப்பி இருந்தது. விதியில் தொப்பி என்று ஒருமையில்தான் இருக்கிறது என்று சொல்லி அவர் உள்ளே நுழைந்துவிட்டார்.

வில்டாவர் அரை மணிக்கு மேல் பேசினார். "உண்மை என்பதைத் தவிர இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேறு தெய்வம் கிடையாது," என்றார். பிறகு பேராயரைப் பார்த்து, "திருச்சபையின் தெய்வம் நீங்கலாக," என்று சேர்த்துக்கொண்டார். "இங்கே ஒருவரின் தகுதியை மட்டுமே பார்க்கிறோம். அந்தத் தகுதி அவருக்கு வரும்வரை எத்தனை ஆண்டானாலும் பொறுத்திருக்கிறோம்." கைதட்டல் எழுந்தது. "புதிய பேராசிரியர் சிலுவையின் முன் வரட்டும்."

தெல்ட்சர் வந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறிய எபிரேயப் புத்தகத்தை எடுத்துச் சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தார். மோசேயின் ஐந்து ஆகமங்கள்.

"யூதருக்குச் சட்டம் அனுமதிக்கிற முறையில உறுதிமொழி எடுக்கிறேன்," என்றார். குரல் கிறீச்சிட்டது, ஆனால் மாடம்வரை கேட்டது. "புத்தகத்தின் மேல் கை வெச்சு, தலையை மூடிக்கிட்டு."

முதல் வரிசையில் போலீஸ் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தெல்ட்சர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். புத்தகத்தை மறக்காமல் எடுத்துவந்த மனிதர் தொப்பியை வாசலில் கொடுத்துவிட்டிருந்தார். மூன்று இரவு தூங்காமல் யோசித்துவைத்த திட்டத்தில் இந்த ஓட்டை எப்படி வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான்.

"என் தொப்பி வேணும்," என்றார்.

"பூட்டியிருக்கு," என்றார் வில்டாவர், உதடு அசையாமல்.

"அப்ப அதைக் கொடுங்க." மெத்தைமேல் இருந்ததைக் காட்டினார்.

வில்டாவர் மெத்தையைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டார். "இது உறுதிமொழிக்கு அப்புறம். தலையில ஏதாவது வேணும்னு கேட்கிறதும் உறுதிமொழிக்கு அப்புறம்தான். வெறுந்தலையோட சொல்லுங்க தெல்ட்சர். மூணு நிமிஷம். எல்லாத்தையும் மறந்துடறோம்."

வேறு ஒன்றும் தோன்றாமல், தெல்ட்சர் இடது உள்ளங்கையைத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.

"அது செல்லாது!"

குரல் மண்டபத்தின் கடைசியிலிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். சின்னத் தொப்பிக் கிழவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கோட்டுக் கழுத்துக் கிழிசல் இன்னும் தைக்கப்படாமல் தொங்கியது.

"தன் கை தன் தலையை மூடாது. உடம்பு உடம்பை மூடுமா? இது தெரியாம என்னத்தைடா படிச்ச?"

நிலைமை கை மீறிப் போவதற்குள் வில்டாவர் எதையாவது செய்து எல்லோர் வாயையும் அடைக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே வழி பேரரசரின் பட்டப்பெயர்கள், உறுதிமொழி தொடங்குவதே அவற்றில்தான். அவற்றைச் சொல்லத் தொடங்கிவிட்டால் எல்லோரும் எழுந்து அசையாமல் நிற்க வேண்டும், முடியும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது, குறுக்கிட்டால் ராஜ குற்றம். "மேன்மை தங்கிய நம் பேரரசர்," என்று அவர் உரக்க வாசிக்க ஆரம்பித்தார், "ஆஸ்திரியாவின் பேரரசர், ஹங்கேரியின் மன்னர்..."

மண்டபம் கல்லானது. பேராயர், ஆளுநர், போலீஸ் அதிகாரி, வெள்ளிப் பூண் கோலோடு மட்டூஷ், எல்லோரும் விறைத்து நின்றார்கள். விதி தெரியாதவர் ஒருவர் மட்டும் நடந்து வந்தார். தொப்பியைக் கொடுத்தால் கிழவரின் தலை வெறுமையாகிவிடும். ஆனால் அடுத்தவர் கை தலையை மூடலாம், அதற்கு நியாயப்பிரமாணம் இடம் கொடுக்கிறது. மேடையேறி மகனுக்குப் பின்னால் நின்றார். எட்டவில்லை.

"குனிடா," என்றார்.

தெல்ட்சர் குனிந்தார். இறகு மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை அவர் தலைமேல் வந்து உட்கார்ந்தது. தெல்ட்சர் புத்தகத்தின் மேல் கை வைத்து, அழுதுகொண்டே பேரரசரின் பட்டங்களைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். இப்போது வில்டாவராலும் நிறுத்த முடியாது. பாதியில் நிறுத்தினால் பேரரசர் பாதி ராஜ்யத்தோடு நிற்பார்.

"போஹேமியா, டால்மேஷியா, குரோவேஷியா, கலீசியா, இல்லிரியா மன்னர்," என்றார் வில்டாவர், பல்லைக் கடித்துக்கொண்டு. தெல்ட்சர் சொன்னார்.

"ஜெருசலேமின் மன்னர்."

"அங்கேயும் இவர்தானா?" என்றார் கிழவர்.

"டஸ்கனியின் பெருங்கோமகன். சிலேசியா, மோடெனா, ஆஷ்விட்ஸ், ஸாதோர் ஆகியவற்றின் கோமகன்."

கிழவரின் கை நடுங்க ஆரம்பித்தது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். இப்போதுதான் பாதி என்று தெல்ட்சர் ஒரு கோமகனுக்கும் அடுத்த கோமகனுக்கும் நடுவே முணுமுணுத்தார். பேரரசு அவ்வளவு பெரியது. மாடத்தில் ரோசலி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, கடைசிச் சிற்றரசு முடியும்வரை கிழவருக்குத் தெம்பு இருக்க வேண்டுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முடிந்தது. விசுவாசமாக இருப்பேன், உண்மையைப் போதிப்பேன் என்ற கடைசி வரியையும் தெல்ட்சர் சொல்லி முடித்தார். சட்டப்படி உறுதிமொழி நிறைவேறிவிட்டது. கிழவர் கையை எடுக்கவில்லை.

"எடுக்கச் சொல்லுங்க," என்றார் வில்டாவர்.

"நீங்க அதை வையுங்க, நான் இதை எடுக்கறேன்," என்றார் கிழவர். "நடுவுல இடம் விடமாட்டேன்."

பேராயர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுநர் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியக்காரர்கள் குழலை வாயில் வைத்துக்கொண்டு, தொப்பி ஏறியதும் வாசிக்கத் தயாராக நின்றார்கள். வில்டாவர் மெத்தையிலிருந்து தொப்பியை எடுத்து, தன் இரண்டு கைகளாலும், ஒரு யூதனின் தலையை மூடினார். மறுநாள் பல்கலைக்கழகக் குறிப்பேட்டில், புதிய பேராசிரியருக்குத் தலைசுற்றல் ஏற்பட்டதாகவும் முதியவர் ஒருவர் தாங்கிப் பிடித்ததாகவும் மற்றபடி விழா சிறப்பாக நடந்ததாகவும் எழுதிக்கொண்டார்கள்.

பேரரசு கீதம் தொடங்கியது. மறுபடியும் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். கிழவர் கையைத் தொங்கவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மரத்துப்போச்சுடா. கொஞ்சம் பிடிச்சு விடு."

கீதம் முடியும்வரை மண்டபத்தில் அசைந்தவை பேராசிரியர் தெல்ட்சரின் கைகள் மட்டும்தான். அவர் அப்பாவின் தோளிலிருந்து விரல்வரை நிதானமாகப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.